மதிலின் இரண்டு பக்கமும் படி

நம் ஏரிக்கரைப் பெஞ்சுக் கூட்டத்தாருக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். போன வாரம் உங்கள் ஸ்வெட்டர்கள் மேல் டீயைத் துப்பியவள் நான்தானே.

நம்மில் முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிற ஒரே மனிதர் அந்த ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். அவர் மகனோடு வியட்நாம் போய் வந்தார். வந்ததிலிருந்து செல்போனை எல்லோர் மூக்குக்கும் நேரே நீட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் காட்டியது ஒரு பழைய மதில். கல்லும் மண்ணுமாகப் பாசி பிடித்து, மலை மேலே ஏறி இறங்கி, நூறு கிலோமீட்டருக்கும் மேலே போகிறதாம்.

"மலைக்காரங்களத் தடுக்கறதுக்கு ராஜா கட்டினதுன்னுதான் ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்களாம். இப்ப ஆராய்ச்சி பண்றவங்க வேற சொல்றாங்க. மலையாளுங்களும் கீழ இருக்கறவங்களும் சேந்தே கட்டினதாம். அங்கங்க காவல் கோட்டை, அங்கேயே வந்து போக வழி, அது வழியா யாவாரம். சண்டைக்குக் கட்டின செவுத்துல யாராச்சும் வழி விடுவாங்களா, சொல்லுங்க!" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, மீதி நடந்தது உங்களுக்கே தெரியும். ஏன் சிரித்தாய் என்று எல்லோரும் கேட்டீர்கள். இருமலோடு சொல்லி முடிகிற கதை இல்லை அது. அதனால் எழுதிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊருக்கு மேலேயும் ஒரு மதில் உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கவுஞ்சிக்கும் கூக்காலுக்கும் போகிற மலைகளில் எங்கேயோ ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் அவர்கள் ஊர். இன்றைக்கு இரண்டு ஊரிலும் எனக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. யாரையும் பகைத்துக்கொள்கிற வயது தாண்டிவிட்டது.

வியட்நாம் மதில் மாதிரி நீளமில்லை. ஒரு மூச்சில் ஓடினால் முக்கால் பங்கு ஓடிவிடலாம். சுண்ணாம்பு இல்லை, மண் சாந்து இல்லை, கல்லின் மேல் கல்லை உட்கார வைத்தே ஆள் உயரத்துக்கு மேலே எழுப்பியிருந்தார்கள். மழை நின்ற காலையில் அதன் பக்கத்தில் போனால் ஈரப்பாசி வாசனையும், இடுக்கில் முளைத்த புதினா வாசனையும் வரும். கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்த மதிலைப் பற்றிப் பாடமே நடத்துவார். "நம் முன்னோர் பகைவரைத் தடுக்கக் கட்டிய அரண்" என்று தொடங்கினால் அவருடைய சால்வை தோளில் நிற்காது. "பகைவர் யாருங்க சார்?" என்று ஒரு தடவை கேட்டேன். சன்னல் வழியாக மேட்டைக் காட்டினார். அந்தப் பக்கத்து ஊரில்தான் பகைவர் இருந்தார்கள். உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்ன பகை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பகையைக் கட்டிக் காப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கோடைக்கானலுக்குப் போகிற ஒற்றைப் பஸ்ஸில் நாங்கள் டிரைவர் பக்கத்து சீட்டு, அவர்கள் எதிர் சீட்டு. நடுவில் கண்டக்டர் மட்டும் இரண்டு ஊருக்கும் பொதுவான மனிதராக நடமாடுவார்.

மதிலுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் மதிலில் ஒரு பங்கு. பூண்டு நடவுக்கு முன்னால் அவரவர் பங்கில் சரிந்த கல்லைச் செருகி, பிதுங்கினதைத் தட்டி, நேராக்கிவிட வேண்டும். பங்கு நிற்காத வீடு பூண்டு ஊன்றக் கூடாது. ஊன்றினால் ஊர் பேசாது, பூண்டும் அழுகும் என்பது நம்பிக்கை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு வியாழக்கிழமை. மதிலில் எங்கள் பக்கத்து முகத்தை நாங்கள் சரிசெய்வோம், அவர்கள் பக்கத்து முகத்தை அவர்கள் சரிசெய்வார்கள். மதிலுக்கு மேலே தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்ப்பது ஆகாத காரியம்.

மதிலில் அங்கங்கே நீளமான கற்கள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டுக்கல் என்போம். ஒன்றுக்கு மேல் ஒன்று சாய்வாக இருப்பதால் படி மாதிரி ஏறலாம். "நம்ம காவக்காரன் ஏறி நின்னு அவுகளப் பாக்கறதுக்கு வச்சது" என்பார் அப்பா. அந்தப் பக்கம் வழவழவென்று இருக்கும், ஒரு பல்லிகூட ஏற முடியாது என்று ஊர் முழுக்க நம்பியது. பார்த்தவர் யாருமில்லை. பார்க்கக் கூடாதே.

நான் பார்த்தேன். சும்மா இருக்கிற பிள்ளை இல்லை நான். மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறையில் ஏறிப் போய் எட்டிப் பார்த்தால், கீழேயிருந்து ஒரு பிள்ளை என்னை அண்ணாந்து பார்க்கிறாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பகைவர் என்றால் மீசை இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"எறங்கி வா, இங்கிட்டும் படி கெடக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என் சேக்காளி. அவர்கள் தோட்டத்தில் பட்டாணி விளையும். பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் அள்ளிப் போடுவாள். நான் எங்கள் வீட்டுப் பேரிக்காய் கொண்டுபோவேன். மதில் மேல் உட்கார்ந்து தின்றுவிட்டு மிச்சப் பட்டாணியை வீட்டுக்குக் கொண்டுவருவேன். "வழியில பொறுக்குனேம்மா" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் உரித்துக் குழம்பில் போடுவாள்.

இப்போது நான் சொல்ல வந்த வருஷத்துக்கு வருகிறேன். எனக்குப் பத்து வயது. அந்த வைகாசியில் பிடித்த மழை விடவேயில்லை. ஓட்டில் பெய்கிற சத்தத்தில் வீட்டுக்குள் கத்திப் பேசினோம். மழை வெறித்த காலையில் மேட்டுக்குப் போன அப்பா, வேட்டியெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்.

"நம்ம பங்கு போச்சு" என்றார்.

எங்கள் பங்கு முழுசாகச் சாய்ந்து கிடந்தது. உள்முகம், வெளிமுகம், நடுவில் போட்ட சில்லுக்கல் எல்லாம் சேர்ந்து சரிந்துவிட்டன. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பக்கம் சரிவு அதிகம். அதனால் கல் அத்தனையும் அவர்கள் தோட்டத்துக்குள் உருண்டு போயிருந்தது. எங்கள் பக்கத்தில் உள்ளங்கை அளவு கல்கூட மிச்சமில்லை.

அப்பாவுக்கு ஒரே முடிவு. "அவுகதான் அடியில நோண்டிச் சாச்சுருக்காக. அவுகளே கொண்டாந்து போடட்டும்."

எதிர்ப்பக்கத்துப் பங்கு யாருடையது தெரியுமா? என் சேக்காளியின் அப்பாவுடையது. அவர் என்ன சொன்னார் என்பதை மறுநாள் மதில் சரிந்த ஓட்டையில் உட்கார்ந்து அவள் அப்படியே நடித்துக் காட்டினாள். இடுப்பில் கை வைத்து, தாடையைத் தூக்கி, "எந் தோட்டத்துல வந்து கல்லக் கொட்டிருக்கான். கல்லு வேணும்னா வந்து கேட்டு எடுத்துட்டுப் போகட்டும்!"

ஆக, இவர் கேட்க மாட்டார், அவர் கொடுக்க மாட்டார். எங்கள் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டு புகையில் காய்ந்து தயாராக இருந்தது. மண்ணும் ஈரமாக இருந்தது. ஊரில் ஒவ்வொரு வீடாக நடவு தொடங்கியது. தினமும் காலையில் அம்மா ஒரு பல்லை உரித்து, நகத்தால் கிள்ளி, உள்ளே பார்ப்பாள்.

"பச்சை தெரியுதுங்க. இன்னும் பத்து நாள் போனா மொளச்சுரும். அப்பறம் வெதைக்கு ஆகாது, ரசத்துக்குத்தான் ஆகும்."

"பாப்போம்" என்பார் அப்பா.

"எதப் பாக்கறது? வருசம் முச்சூடும் ரசம் குடிக்கறதா?"

எங்களுக்கு அந்தப் பூண்டுதான் எல்லாம். கடை அரிசி, அப்பாவின் கம்பளி, என் நோட்டுப் புத்தகம் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பக்கத்திலும் அதே நிலைமை. அவர்கள் வீட்டு விதையும் முளைத்துக்கொண்டிருந்தது. கல் கிடக்கிற தோட்டத்தில் அவர்களாலும் ஊன்ற முடியாது. இத்தனையும் எனக்கும் அவளுக்கும் தெரியும். எங்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஊர்ப் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். கட்டும்போது நீட்டுக்கல்லை எல்லாம் உடைத்துவிட்டு, மேலே முள்ளுக்கம்பி சுற்றிவிடலாம், இனி ஒருத்தனும் மதிலைத் தொட முடியாது என்றார். அப்பா தலையாட்டினார். படி போனால் சேக்காளி போனாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சல் என்று நினைத்து மிளகுக் கஷாயம் கொடுத்தாள். அதையும் குடித்துத் தொலைத்தேன்.

அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வெள்ளனே எழுந்து மேட்டுக்குப் போய், அந்த ஓட்டைக்கு எதிரே நின்று முறைப்பார். அந்தப் பக்கத்துக்காரரும் தினம் வந்து முறைப்பாராம். ஒருவர் வருவது தெரிந்தால் மற்றவர் முதுகைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேரும் இதை ஒரு சோலி மாதிரி செய்தார்கள். வெயில் வந்ததும் வீட்டுக்குப் போவார்கள். நான் தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுபோவேன்.

அன்றைக்கு மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது என்பார்களே, அப்படி. தூக்குச்சட்டியின் சூடு மட்டும்தான் எனக்குத் துணை. அப்பாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே ஏறினேன். கிட்டே போனபோது ஓட்டைக்குள் கறுப்பாக, அகலமாக ஒன்று நிற்பது தெரிந்தது. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது.

அப்பாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. இத்தனை நாள் முதுகைக் காட்டியவன் இன்றைக்கு மதிலுக்குள்ளேயே வந்து நிற்கிறானே!

"என்னய்யா, மொறைக்கிறியா?" என்று கத்தினார். "கல்லக் கொட்டுனதும் இல்லாம நடுவுல வந்து நிக்கிறியா? ஒனக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தூரத்திலிருந்து, இன்னொரு குரல் கேட்டது.

"யாருக்கு வெக்கமில்ல? எம் பக்கம் பிட்டத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறது நீயா, நானா?"

அப்பா திகைத்துப் போனார். குரல் அங்கேயிருந்து வருகிறது. அப்படியானால் நடுவில் நிற்பது யார்?

நடுவில் நின்றவர் அப்போது புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டார். பனி கொஞ்சம் விலகியது. முதலில் இரண்டு கொம்பு தெரிந்தது. பிறகு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரிக் கால்கள். காட்டுமாடு! எங்கள் வீட்டுக் கதவு அளவுக்கு இருந்தது. தலை எங்கள் பக்கம், வால் அவர்கள் பக்கம். இத்தனை நேரம் இரண்டு ஊர்த் திட்டையும் பொறுமையாக வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, ஓடாத!" என்றார் அப்பா. ஆனால் சொல்லும்போதே அவர் ஓடிக்கொண்டிருந்தார். என்னை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, சரியாமல் நின்ற மதிலைப் பார்த்து ஓடி, நீட்டுக்கல்லில் காலை வைத்தார். நான் அவருக்கு முன்னால் தூக்குச்சட்டியோடு மேலே போய்விட்டேன். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேனே! அப்பா திணறித் திணறி ஏறினார். தலை மதிலுக்கு மேலே வந்தபோது, எதிரே இன்னொரு தலை, தலைப்பாகை அவிழ்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தது.

இரண்டு பேரும் மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் நின்றார்கள். இரண்டு மூக்கிலும் பனித்துளி சொட்டியது.

"நீங்க எப்பிடி ஏறுனீங்க?" என்றார் அப்பா.

"படி இருக்கே. நீங்க எப்பிடி ஏறுனீங்க?"

"எங்க பக்கந்தானுங்க படி இருக்கு!"

"எங்க பக்கந்தான்னுல்ல நாங்க நெனச்சோம்!"

தன் அப்பாவோடு வந்திருந்த என் சேக்காளி அதற்குள் மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "காப்பி இருக்கா?" என்றாள். கேட்ட விதத்தில் இரண்டு அப்பாக்களும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்த நேரம் கீழே காட்டுமாடு மதிலில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தது. கல்லெல்லாம் ஆடியது. எங்கள் விசாரணை தள்ளிப்போனது.

காட்டுமாட்டுக்கு அவசரமே இல்லை. தேய்த்தது, புல் மேய்ந்தது, படுத்தது. மதில் மேலே நாங்கள் நாலு பேர். சும்மா எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? பேசலாம் என்றால், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு முறை சொல்லாமல் வாய் திறக்காதே. கடைசியில் அப்பாதான் தொடங்கினார்.

"பெரிய பனிக் கருகல் வந்த வருசம் நீங்க பொறந்தாச்சா?"

"அந்த வருசம் நடந்துட்டேன்னு எங்க ஆத்தா சொல்லும்."

"நான் அந்த வருசந்தான் பொறந்தது. அப்ப நீங்க அண்ணன்."

அண்ணன் என்று ஆனதும் எல்லாம் சுலபமாகிவிட்டது. காப்பி மூடியில் ஊற்றி நாலு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் மதிலை எதற்கு வைத்திருப்பதாக நினைக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே வாத்தியார் பாடத்தைச் சொன்னார். "எங்க ஊர்லயும் அதே கததான் தம்பி. அதுல களவாணிக நீங்க" என்றார் அவர். இரண்டு பேரும் கீழே காட்டுமாட்டைப் பார்த்தார்கள். அது ஓட்டை வழியாகத் தலையை நீட்டி அவர்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்தையும் எங்கள் பூண்டுக் கொல்லையையும் மாறி மாறிப் பார்த்தது, எதில் முதலில் இறங்கலாம் என்கிற மாதிரி.

"ஏண்ணே, இதுக்காகத்தான் கட்டிருப்பாங்களோ?" என்றார் அப்பா.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் சிரித்தார். மதில் மறுபடியும் ஆடியது.

வெயில் ஏறியதும் காட்டுமாடு எழுந்து சோலைக்குள் போனது. அப்பா யாரையும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் இறங்கிப் போய்க் கல்லைத் தூக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு ஞாயிறும் இல்லை, வியாழனும் இல்லை. சாயங்காலத்துக்குள் அம்மாவும் அந்த வீட்டுப் பெரியம்மாவும் வந்து கூடை கூடையாகச் சில்லுக்கல் சுமந்தார்கள்.

இடுப்பு உயரம் வந்ததும் நீட்டுக்கல் வைக்க வேண்டிய முறை வந்தது. அதுவரை இரண்டு ஊருமே அதை முழுசாகப் பார்த்ததில்லை. சரிந்து கிடந்த இடத்தில்தான் தெரிந்தது, அது ஒரே கல். மதிலின் அகலத்தைவிட நீளம். ஒரு முனை எங்கள் படி, மறு முனை அவர்கள் படி. தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வைத்தால் கல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் முனையைப் பிடித்தால்தான் உட்காருகிறது.

"வெரசாப் பிடிங்கண்ணே, கை நழுவுது!"

"பிடிச்சுட்டேன், விடு!"

கல் உட்கார்ந்தது. கல்லின் இந்த முனையை அப்பாவும் அந்த முனையை அவரும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். முதன்முதலில் இதை வைத்தவர்களும் இப்படித்தானே நின்றிருக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு அது தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். முள்ளுக்கம்பியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

பங்கு கட்டுகிறவர்கள் நடுவில் சில்லுக்கல்லோடு ஒரு முழுப் பூண்டைப் போடுவது வழக்கம். மதிலுக்குச் சேர வேண்டிய பங்கு அது. இரண்டு வீட்டாரும் போட்டார்கள். யாரும் பார்க்காதபோது என் சேக்காளி தன் ஸ்வெட்டரின் வெள்ளைப் பொத்தானைப் பிய்த்துப் போட்டாள். நான் என் ரப்பர் வளையலைப் போட்டேன். இரண்டும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. மேலே இப்போது யாரோ "வார் வால் வியூ பாயிண்ட்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஜீப்பில் வருகிறவர்களுக்கு டிரைவர்கள் பெரிய யுத்தக் கதை சொல்கிறார்கள், ஆளுக்கு ஒரு யுத்தம். சொல்லட்டும், பாவம், பிழைப்பு. நானும் அவளும் போனால் இரண்டு பேருக்கும் முழங்கால் மடங்குவதில்லை. ஆளுக்கொரு பக்கம் நீட்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு மதிலுக்கு மேலே கத்திப் பேசுகிறோம். அவளுக்குக் காது வேறு மந்தம். ஜீப்காரர்கள் நாங்கள் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள்.

பூண்டு முளைப்பதற்குள் ஊன்றிவிட்டோம். அந்த வருஷம் நல்ல விளைச்சல். ஆனால் எனக்கு அதைவிட ஞாபகம் இருப்பது ஊன்றி முடித்த நாள் ராத்திரிச் சாப்பாடுதான். அப்பாவுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னதையே சொன்னார்.

"அவுக பக்கமும் படி இருக்கு புள்ள! எத்தன காலமா இருக்கு! நம்ம வீட்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியாமப் போச்சே!"

அம்மா பட்டாணிக் குழம்புக் கரண்டியோடு குனிந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அப்பாவின் தட்டில் ஊற்றினாள்.

"நம்ம தோட்டத்துல பட்டாணி எந்த வருசங்க போட்டோம்?"